பிள்ளையின் முழு வளர்ச்சி: நாம் அறியாமல் செய்யும் தவறுகள்

முதல் தவறு, வகுப்புகளை அடுக்குவது. திங்கள் கராத்தே, புதன் அபாகஸ், வெள்ளி கீபோர்டு, சனி பரதம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்லவைதான். ஆனால் தெருவில் விளையாடவோ, பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்க்கவோ பிள்ளைக்கு நேரமே மிஞ்சுவதில்லை. ஒரு வகுப்பு போதும். அதுவும் அவர்களாகக் கேட்டதாக இருக்கட்டும்.

அடுத்தது, பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வது. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் இது வழக்கமாகவே ஆகிவிடுகிறது. பெற்றோர் கூட்டத்தில் நாமும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடுத்த கூட்டத்தில் மதிப்பெண்ணோடு இதையும் கேளுங்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது மூன்றாவது தவறுதான். "நீ படிச்சா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று கைவேலையையே பிள்ளையிடமிருந்து விலக்கிவிடுகிறோம். 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில் ஓரமாக ஒட்டிவைத்த பாடம் அல்ல. அதன் வழியாகவே மற்ற பாடங்களும் வர வேண்டும். நூற்ற நூலை அளக்கும்போது கணக்கு, பஞ்சு விளையும் மண்ணைப் பற்றிக் கேட்கும்போது புவியியல். நம் அடுப்படியிலும் இது நடக்கும். நாலு பேருக்கு ஒரு டம்ளர் பருப்பு என்றால் ஏழு பேருக்கு எவ்வளவு? மார்கழியில் இட்லி மாவு ஏன் சீக்கிரம் பொங்குவதில்லை? பிள்ளையே அளந்து, அரைத்து, காத்திருந்து பார்க்கட்டும்.

ஆனால் யார் கையில் எந்த வேலை என்பதைப் பிறப்பு முடிவு செய்யக் கூடாது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு 3 மணி நேரம்தான் பாடம். மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் கடுமையாக எதிர்த்தார். காமராஜர் முதல்வரானதும் 1954-ல் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. செருப்புத் தைப்பவரின் மகனைச் செருப்போடேயே நிறுத்திவிடும் ஏற்பாட்டைக் கல்வி என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்குள் அதே தவறு வேறு உருவில் இருக்கிறது. அக்கா பாத்திரம் தேய்க்கிறாள், தம்பி டியூஷனுக்குக் கிளம்புகிறான். எங்கள் வீட்டில் இதை மாற்ற, வாரம் ஒருவர் என்று முறை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம். மகள், மகன், அப்புறம் நானும் என் மனைவியும். இந்த வாரம் மகன் முறை.