படைமுகாம் குப்பையைப் படிப்பது எப்படி? ஈயக்குண்டு, சுங்கான், பொத்தான்: தொடக்கநிலையாளருக்கு ஒரு செய்முறை

அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1779-80 குளிர்காலத்தில், ஜார்ஜ் வாஷிங்டனின் படை நியூஜெர்சியில் மோரிஸ்டவுனுக்குப் பக்கத்தில் ஜாக்கி ஹாலோ என்ற காட்டில் தங்கியது. 10,000 பேருக்கு மேல். காட்டை வெட்டி 1,000க்கும் அதிகமான மரக்குடிசைகளைக் கட்டிக்கொண்டார்கள், குடிசைக்கு 12 பேர். பனி உருகிக் கோடை வந்தபோது போய்விட்டார்கள். இந்த மாதிரி முகாம்களைத் தோண்டும்போது வாளோ பதக்கமோ கிடைப்பது அபூர்வம். கிடைப்பதெல்லாம் ஆணி, மாட்டெலும்பு, பொத்தான், உடைந்த சுங்கான் (புகைபிடிக்கும் குழாய்) தண்டு, ஈயக்குண்டு. அந்த வீரர்களில் பெரும்பாலோர் ஒரு கடிதம்கூட எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அதனால் இந்தக் குப்பையைத்தான் நாம் ஒழுங்காகப் படிக்க வேண்டியிருக்கிறது.

நான் நியூஜெர்சியில் வார இறுதிகளில் ஓர் அகழாய்வுக் கூடத்தில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். புதிதாக வருகிறவர் கையில் ஒரு பையைக் கொடுத்து "பட்டியல் போடுங்கள்" என்பார்கள். எங்கே ஆரம்பிப்பது என்றே புரியாது. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு மெட்டல் டிடெக்டரோடு கிளம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் கூட்டரசு நிலத்தில் அனுமதியில்லாமல் தொல்பொருள் எடுப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், மண்ணிலிருந்து பிடுங்கி எடுத்த பொத்தான் வெறும் பொத்தான்தான். எந்தக் குடிசையில், எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் திரும்ப வராது. தோண்டத் தெரிந்தவர்கள் தோண்டட்டும். கூடத்தில் செய்ய வேண்டிய வேலை மலைபோல் கிடக்கிறது.

தேவையானவை

0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு. சமையலறைத் தராசு வேண்டாம், அது 1 கிராமுக்குக் கீழே காட்டாது. பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர். இரும்புக் காலிப்பர் ஈயத்தில் கீறல் போடும், அந்தக் கீறலை 18ஆம் நூற்றாண்டு என்று நாளைக்கு யாராவது எழுதி வைப்பார்கள். ஓர் அங்குலத்தை 64ஆகப் பிரித்த அளவுகளில் வரும் டிரில் பிட் செட். மென்மையான பல்துலக்கி, கையுறை, அழியாத மை, ஜிப் கவர். கணக்குக்கு எக்செல் அல்லது லிப்ரே ஆபிஸ் போதும். இதற்கென்று தனி மென்பொருள் வாங்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கோப்பு இருபது வருடம் கழித்தும் திறக்க வேண்டும்.

படி 1: பையின் எண்

பையின் மேல் உள்ள எண்ணை அப்படியே ஒரு சீட்டில் எழுதி உள்ளேயும் போடுங்கள். ஒரு சமயத்தில் ஒரே ஒரு பை மேசையில் திறந்திருக்கட்டும்.

படி 2: கழுவுவதும் கழுவாததும்

பீங்கான், கண்ணாடி, சுங்கான் ஆகியவற்றைத் தண்ணீரில் கழுவலாம். இரும்பைக் கழுவாதீர்கள். காய்ந்த தூரிகையால் மண்ணைத் தட்டினால் போதும். ஈயக்குண்டின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது மண் இல்லை, ஈயமே காலப்போக்கில் மாறிய படலம். அதைத் தேய்க்கக் கூடாது. பல் தடம், துப்பாக்கிக் குழாயின் தடம் எல்லாம் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. ஈயம் நஞ்சு, அதனால் கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

படி 3: ஈயக்குண்டின் விட்டம்

மெதுவாகப் போக வேண்டிய இடம் இது. எனக்கும் அதிக நேரம் பிடித்தது இங்கேதான்.

அந்தக் காலத்து, வாய்வழியே குண்டு போடும் மஸ்கட் துப்பாக்கிகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். பிரிட்டிஷ் 'பிரவுன் பெஸ்' குழாயின் உள்விட்டம் சுமார் 0.75 அங்குலம், அதில் போடும் குண்டு சுமார் 0.69. பிரெஞ்சு 'ஷார்லவில்' குழாய் 0.69, குண்டு சுமார் 0.63. கரிமருந்து எரிந்து குழாயில் கசடு சேரும், அப்போதும் குண்டு தடையில்லாமல் இறங்க வேண்டும் என்பதால் இந்த இடைவெளி. ஆக, உருண்டையாகக் கிடைத்தால் காலிப்பரே சொல்லிவிடும்.

மரத்திலோ கல்லிலோ பட்டு நசுங்கிய குண்டை எப்படி அளப்பது? 1778 ஜூன் 28 அன்று போர் நடந்த மான்மத் களத்தில் கிடைத்த குண்டுகளை ஆராய்ந்த டேனியல் சிவிலிச் இதற்கு வழி கண்டு 1996இல் வெளியிட்டார். நசுங்கினாலும் எடை மாறாது. எடை தெரிந்தால் உருண்டையாக இருந்தபோது என்ன விட்டம் என்று கணக்கிடலாம்:

விட்டம் (அங்குலத்தில்) = 0.223204 × எடையின் கனமூலம் (எடை கிராமில்)

எடை A2 கட்டத்தில் இருந்தால் எக்செலில் இப்படி எழுதுங்கள்:

=0.223204*A2^(1/3)

அந்த அடைப்புக்குறியை விடாதீர்கள். A2^1/3 என்று எழுதினால் எக்செல் முதலில் A2ஐ 1இன் அடுக்குக்கு உயர்த்தும், அதாவது அப்படியே வைத்துக்கொள்ளும், பிறகு 3ஆல் வகுத்துவிடும். பிழை என்று எந்தச் சிவப்புக் கோடும் வராது. 29.5 கிராம் குண்டுக்கு 0.69 வர வேண்டிய இடத்தில் 2.19 அங்குலம் வந்து நிற்கும். பெரிய குண்டுக்கு இது கண்ணில் பட்டுவிடும். 2.4 கிராம் சில்லுக்குண்டுக்கோ 0.30க்குப் பதிலாக 0.18 வரும். அது நம்பும்படியான அளவாக இருப்பதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எந்தக் கோப்பிலும் முதலில் இந்த இரண்டு வரிகளைப் போட்டுச் சோதியுங்கள்: 29.5 கிராமுக்கு 0.69, 22.5 கிராமுக்கு 0.63. இரண்டும் சரியாக வந்த பிறகே உங்கள் தரவை உள்ளிடுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு குண்டாகப் பார்த்து "இது பிரிட்டிஷ், இது பிரெஞ்சு" என்று முத்திரை குத்த வேண்டாம். எல்லா விட்டங்களையும் 0.01 அங்குல இடைவெளியில், எதில் எத்தனை குண்டு என்று வரைபடமாகப் போடுங்கள். 0.63 பக்கத்தில் ஒரு மேடு, 0.69 பக்கத்தில் ஒரு மேடு எழும்பும். அந்த மேடுகள்தான் பேசும், தனிக்குண்டு பேசாது. பிரான்சிலிருந்து ஷார்லவில் துப்பாக்கிகள் அமெரிக்கர்களுக்கு ஏராளமாக வந்தன, அவர்களிடம் பிரவுன் பெஸ்ஸும் இருந்தது. 0.63 குண்டு கிடைத்ததால் பிரெஞ்சுக்காரர் அங்கே நின்றார் என்று ஆகாது. 0.30 பக்கம் இன்னொரு மேடு வந்தால் அது அமெரிக்கப் படையின் அடையாளமாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரிய குண்டோடு சில்லுக்குண்டுகளையும் சேர்த்து ஒரே தோட்டாவில் கட்டுவது அவர்கள் வழக்கம்.

துண்டு உடைந்துபோன குண்டு, கல் பதிந்த குண்டு ஆகியவற்றின் எடை நம்பத்தக்கதல்ல. பட்டியலில் சேருங்கள், வரைபடத்தில் சேர்க்காதீர்கள்.

*பின்சேர்க்கை:* வாசகர் ஒருவருக்கு எல்லாக் குண்டும் 1.7 அங்குலம் என்று வந்தது. சூத்திரம் சரி, தராசுதான் 'கிரெய்ன்' அளவில் இருந்தது. அமெரிக்காவில் விற்கும் நகைத் தராசுகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிராமிலிருந்து கிரெய்னுக்குத் தாவிவிடும். ஒரு கிராம் என்பது 15.43 கிரெய்ன். திரையின் ஓரத்தில் தெரியும் சின்ன எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*இன்னொரு பின்சேர்க்கை:* தூய ஈயத்தின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டால் 0.69 அங்குலக் குண்டு 32 கிராம் இருக்க வேண்டுமே, உங்கள் சூத்திரம் ஏன் 29.5 என்கிறது என்று ஒருவர் கேட்டார். அருமையான கேள்வி. அன்று வார்த்த குண்டில் ஈயம் மட்டும் இல்லை. கலப்பும் உள்ளே சிக்கிய காற்றுக்குமிழ்களும் உண்டு. சூத்திரத்தில் உள்ள எண் அதையும் கணக்கில் எடுத்தது, ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10.5 கிராம் என்று வைத்தது. தூய ஈயத்தில் நீங்களே ஒரு குண்டு வார்த்துச் சோதித்தால் விட்டம் சற்றுக் கூடுதலாகத்தான் காட்டும்.

படி 4: சுங்கான் தண்டின் துளை

வெள்ளைக் களிமண் சுங்கான் மலிவு, எளிதில் உடையும், உடைந்தால் தூக்கி எறிவார்கள். காலம் கணிக்க இதைவிட வசதியான பொருள் கிடையாது. தொல்லியலாளர் ஜே. சி. ஹாரிங்டன் 1954இல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: காலம் போகப் போகத் தண்டு நீண்டது, துளை சிறுத்தது. அவர் கணக்குப்படி 6/64 அங்குலத் துளை 1680-1710ஐச் சேர்ந்தது, 5/64 துளை 1710-1750, 4/64 துளை 1750-1800.

துளையில் உள்ள மண்ணை ஈரமான மெல்லிய குச்சியால் எடுத்துவிட்டு டிரில் பிட்டை நுழையுங்கள். கூர்முனையை அல்ல, பின்பக்கத்து வழவழப்பான தண்டை. கூர்முனை துளையைச் சுரண்டிப் பெரிதாக்கும். தடையில்லாமல் நுழைகிற பெரிய அளவு எதுவோ அதை எழுதுங்கள். சில பிட்களின் பின்தண்டு முனையைவிடத் தடிமனாக இருக்கும், வாங்கும்போதே காலிப்பரால் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரிக் பிட்கள்தான் இருக்கின்றனவா? 1.6 மி.மீ. ஏறக்குறைய 4/64, 2.0 மி.மீ. 5/64, 2.4 மி.மீ. 6/64. போதும்.

இன்னொரு தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்ட் 1962இல் இதைச் சூத்திரமாக்கினார்: ஆண்டு = 1931.85 − (38.26 × சராசரித் துளை). துளையை 64இல் எத்தனை பங்கு என்று கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, 4/64இல் 10 துண்டு, 5/64இல் 14, 6/64இல் 2 என்று வைத்துக்கொண்டால் சராசரி 4.69, ஆண்டு 1752.

இந்த 1752ஐப் பார்த்து "முகாம் 1752இல் இருந்தது" என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதாதீர்கள். இது சராசரி ஆண்டு. 1780ஐ நெருங்க நெருங்கச் சூத்திரம் தடுமாறும், துண்டுகள் குறைவாக இருந்தாலும் தடுமாறும். ஒரே குளிர்காலம் இருந்த முகாமின் தேதி நமக்கு ஆவணங்களிலிருந்தே தெரியும். சுங்கானை நான் வேறு ஒன்றுக்குப் பயன்படுத்துகிறேன்: படை வருவதற்கு முன்னால் அதே இடத்தில் ஒரு பண்ணைவீடு இருந்ததா? 5/64உம் 6/64உம் ஒரு மூலையில் மட்டும் குவிந்து கிடந்தால், அங்கே முகாமுக்கு முந்தைய குடியிருப்பைத் தேட வேண்டும்.

படி 5: "இதற்கு முன்னால் இருக்க முடியாது"

ஒரு குழியில் கிடந்த பொருள்களில் ஆகப் பிந்தியது எதுவோ, அதற்கு முன் அந்தக் குழி மூடப்பட்டிருக்க முடியாது. மொத்த வேலையும் இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது.

பொத்தானில் எண் இருக்கிறதா? பிரிட்டிஷ் படையில் சாதாரண வீரர் பொத்தானிலும் ரெஜிமென்ட் (படைப்பிரிவு) எண் இருக்க வேண்டும் என்று 1767இல் அரச ஆணை வந்தது. எண் போட்ட பிரிட்டிஷ் பொத்தான் அதற்குப் பிந்தியதுதான். அமெரிக்கப் படையின் பியூட்டர் (வெள்ளீயக் கலவை) பொத்தானில் யு.எஸ்.ஏ. என்ற எழுத்துகள் பின்னிக்கொண்டிருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் கால்வரும் ரெஜினால்டு போல்ட்டனும் மன்ஹாட்டன் தீவின் வடகோடியில், நகரம் பரவி மூடுவதற்குள், பிரிட்டிஷ் முகாம்களைத் தோண்டினார்கள். எந்த ரெஜிமென்ட் எங்கே தங்கியது என்பதை அவர்கள் இந்த எண்களைக் கொண்டுதான் சொன்னார்கள். அங்கே கண்ட ஒரு குடிசையை டைக்மன் பண்ணைவீட்டுத் தோட்டத்தில் திரும்பக் கட்டியும் வைத்திருக்கிறார்கள். நியூயார்க் பக்கம் போனால் பாருங்கள்.

கையால் அடித்த ஆணியின் தலை ஒழுங்கற்ற பட்டைகளோடு இருக்கும். இயந்திரத்தில் வெட்டிய ஆணி 1790களுக்குப் பிறகுதான் பரவியது. குடிசையின் தரைமட்டத்தில் அது கிடைத்தால் பிற்காலத்தில் யாரோ அந்த மண்ணைக் கலைத்திருக்கிறார்கள்.

பீங்கானில் இங்கிலாந்துக் குயவர் வெட்ஜ்வுட்டின் வெண்ணெய் நிறக் 'கிரீம்வேர்' 1760களில் வந்தது, நீலச்சாயல் கொண்ட 'பேர்ல்வேர்' 1770களின் பிற்பகுதியில். மெருகு தேங்கி நிற்கும் அடிவிளிம்பைப் பாருங்கள்: மஞ்சளோ பச்சையோ தெரிந்தால் கிரீம்வேர், நீலம் தெரிந்தால் பேர்ல்வேர். மஞ்சள் விளக்கின் கீழ் இதைச் செய்யவே செய்யாதீர்கள், ஜன்னல் பக்கம் போங்கள்.

படி 6: பெயரில்லாத ஈயத் துண்டுகள்

"இதர ஈயம்" என்று எழுதி மூடிவிடத் தோன்றும் பை இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். குண்டைத் தட்டி ஆறு பக்கமாக்கிப் புள்ளி குத்தினால் பகடைக்காய். தட்டையாக்கி உருட்டினால் எழுதுகோல். வட்டத் தகடாக்கி, ஓரத்தில் பல் வெட்டி, நடுவில் இரண்டு துளை போட்டு நூல் கோத்தால் நாம் சோடா மூடியை நசுக்கிச் செய்த விர்ரென்று சுற்றும் அதே விளையாட்டுப் பொருள். துளைகளின் உள்விளிம்பில் நூல் அறுத்த தேய்மானம் தெரிகிறதா என்று கைலென்ஸில் பாருங்கள், தெரிந்தால் குறிப்பில் எழுதுங்கள். யாரோ அதை உண்மையிலேயே சுற்றி விளையாடியிருக்கிறார் என்பதற்கு நம்மிடம் உள்ள சான்று அந்தத் தேய்மானம்தான்.

பல் தடம் உள்ள குண்டு கிடைத்தால் உடனே "வலி தாங்க வீரர் கடித்தது" என்று எழுதிவிடாதீர்கள். மண்ணைக் கிளறும் பன்றிகள் குண்டுகளை மென்று துப்பியிருக்கின்றன, இப்படிக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான். குண்டு தாறுமாறாகப் பிதுங்கி ஆழமான பள்ளங்களோடு இருந்தால் பன்றி. மனிதப் பல் இவ்வளவு ஆழமாக இறங்காது. சந்தேகமாக இருந்தால் "பல் தடம், எதனுடையது என்று தெரியவில்லை" என்று எழுதுங்கள், படத்தை இரண்டு பக்கமும் எடுத்துச் சேருங்கள்.

*பின்சேர்க்கை:* பல் தடம் உள்ள குண்டுக்கும் எடைச் சூத்திரம் பொருந்துமா என்று கேட்டிருந்தார்கள். ஈயம் வெறுமனே பிதுங்கியிருந்தால் பொருந்தும். துணுக்கு பெயர்ந்திருந்தால் பொருந்தாது. அந்தக் குண்டுகளுக்கு அட்டவணையில் 'முழுமை: ஆம்/இல்லை' என்று தனிப்பத்தி ஒன்று சேர்த்துவிடுங்கள், வரைபடம் போடும்போது 'ஆம்' என்பதை மட்டும் வடிகட்டிக்கொள்ளலாம்.