துணி நன்றாயிருந்தும் கிழிந்த வெயில் மறைப்பு

மதுரையில் எங்கள் மொட்டை மாடியில், இழையாக்கும்போதே சாயம் சேர்க்கப்பட்ட அக்ரிலிக் துணியாலான வெயில் மறைப்பு (அவ்னிங்) ஒன்று மேற்கு வெயிலைத் தடுக்க நிற்கிறது. நான்காம் ஆண்டுக் கோடையில், துணி வெளுக்காமல் உறுதியாக இருந்தபோதே இரண்டு பட்டைகளின் இணைப்பு வாய் பிளந்தது.

காற்றின் இழுப்பே காரணம் என்று கருதி முதலில் கயிறுகளைத் தளர்த்தினேன், பிளவு நீண்டது. ஒட்டுநாடா இரண்டே நாளில் பகல் சூட்டில் பசை இளகி வழிந்தது. சாதாரண பாலியஸ்டர் நூலால் மறுபடி தைத்ததும் அடுத்த கோடையைத் தாண்டவில்லை.

மறைப்பை இறக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. வானத்தை நோக்கிய மேல் நூல் நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. நிழலில் இருந்த அடி நூலோ இழுத்தாலும் அறவில்லை. புற ஊதாக் கதிர் துணிக்கு முன்பே தையலைத் தின்றிருக்கிறது.

சீட் கவர் தைக்கும் கடையில், புற ஊதாக் கதிரால் சிதையாத பிடிஎஃப்இ (டெஃப்லான் வகை) நூலை மேலும் கீழும் கொடுத்து எல்லா இணைப்புகளையும் தைக்கச் செய்தேன். விலை பல மடங்கு அதிகம்தான். வழுக்கும் நூல் என்பதால் எந்திரத்தின் இறுக்கத்தை முதலில் துண்டுத் துணியில் சரிபார்க்க வேண்டும். முனையைத் தீயில் உருக்கி அடைக்க முடியாது என்பதால் பின்தையல் போட்டே முடிக்க வேண்டும். (தையற்காரர் தீக்குச்சியோடு சிறிது நேரம் போராடினார்.) அதன்பின் மூன்று கோடைகள் கடந்தும் ஒரு தையல்கூட விடவில்லை.