வெளிச்சமான கூடத்தில் படமும் விளையாட்டும்: எடுத்துச் செல்லும் ஏ.எல்.ஆர். புரொஜெக்டர் திரையைத் தேர்ந்து அமைக்கும் முறை

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் வீட்டுக் கூடத்தை முழு இருட்டாக்குவது எளிதன்று. லயத்து வீடுகளை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்களின் கூடத்தில் வாசற்பக்கம் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய நாக்கோ சன்னலோ கண்ணாடிக் கதவோ இருக்கும். சுவரின் உச்சியில் குழல்விளக்கு எரியும். சாமி மேடையின் சிறு விளக்கை அணைக்க வீட்டில் யாரும் ஒப்பமாட்டார்கள். பேராக்கில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் மறைகிறது என்பதால், பிள்ளைகள் விளையாட உட்காரும் மாலை ஆறு மணிக்கு வெளியே நல்ல வெளிச்சம். இத்தகைய வீட்டில் வெள்ளைத் துணித் திரையில் புரொஜெக்டர் படம் வெளிறிப் போவதைப் பார்த்தவர்கள்தான் சுற்றொளியைத் தடுக்கும் ஏ.எல்.ஆர். திரையைத் தேடுகிறார்கள். அது உண்மையிலேயே உதவும் பொருள்தான். ஆனால் உங்கள் வீட்டு வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது, புரொஜெக்டர் எங்கே இருக்கப் போகிறது என்ற இரண்டையும் பார்த்த பிறகே எந்தத் திரை என்று முடிவு செய்ய வேண்டும்.

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது என்பதை முதலில் மனத்தில் இருத்துங்கள். படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் அது ஒளியை நிறுத்துகிறது, அவ்வளவே. அந்த இடத்தில் நாம் காண்பது அறை வெளிச்சம் பட்ட திரையின் நிறம். 100 அங்குலத் திரை என்பது ஏறத்தாழ 221 செ.மீ. அகலமும் 125 செ.மீ. உயரமும் கொண்டது. உண்மையாகவே 1,000 லூமென் (மொத்த ஒளியின் அளவு) தரும் புரொஜெக்டர் அந்த அளவுள்ள சாதாரண வெள்ளைத் திரையில் சதுர மீட்டருக்குச் சுமார் 115 கேண்டெலா பிரகாசத்தை உண்டாக்கும். திரையின்மேல் 100 லக்ஸ் அறை வெளிச்சம் விழுந்தால், அது மட்டுமே சுமார் 32 கேண்டெலாவைச் சேர்த்துவிடும். அப்போது மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் உள்ள விகிதம் ஐந்துக்கு ஒன்றுகூட இல்லை. அதே அறை வெளிச்சத்தை 10 லக்ஸாகக் குறைத்தால் விகிதம் 37-க்கு ஒன்றாக உயர்கிறது. ஆகவே எந்தத் திரையை வாங்கினாலும், நாக்கோ சன்னலுக்குக் கனத்த திரைச்சீலை போடுவதும், திரைக்கு நேர் எதிரே உள்ள விளக்கை அணைப்பதும்தான் முதல் வேலை. திரைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் திரைச்சீலைக்குக் கொடுங்கள் என்றே நான் சொல்வேன்.

ஏ.எல்.ஆர். திரை வெளிச்சத்தைத் திசை பார்த்துப் பிரிக்கிறது. சாதாரண வெள்ளைத் திரை தன்மேல் விழும் ஒளியை எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சிதறடிக்கும். வழக்கமான தொலைவிலிருந்து வீசும் புரொஜெக்டருக்கான ஏ.எல்.ஆர். திரையோ, கேரம் காய் பலகையின் விளிம்பில் மோதித் திரும்புவதுபோல, வந்த கோணத்துக்கு ஏற்ற கோணத்தில் ஒளியைத் திருப்பும். முன்னாலிருந்து வரும் படம் பார்ப்பவரை அடைகிறது. சுவரின் உச்சியிலிருந்து சரிந்து விழும் குழல்விளக்கின் ஒளி தரையை நோக்கித் திரும்பிவிடுகிறது. படுகிட்டத்தில் வைக்கும் யு.எஸ்.டி. புரொஜெக்டருக்கான திரையின் அமைப்பு வேறு. அதன் பரப்பில் ரம்பப் பற்கள்போல் கிடைமட்டமாக நுண்ணிய வரிகள் ஓடும். கீழ்நோக்கிய முகம் ஒளியைத் திருப்பும். மேல்நோக்கிய கறுப்பு முகம் கூரை வெளிச்சத்தை விழுங்கும். இந்தத் திரையின் எதிரே கூடத்தின் மறுகோடியில் சாதாரண புரொஜெக்டரை வைத்தால், குறிப்பாக உயரத்தில் வைத்தால், அதன் ஒளியையும் அந்தக் கறுப்பு முகங்கள் விழுங்கிவிடும். ‘எல்லாப் புரொஜெக்டருக்கும் பொருந்தும்’ என்று விற்பனையாளர் எழுதியிருந்தால் அதை நம்பாதீர்கள்.

இரண்டு வகையாலும் முழுதாகத் தடுக்க முடியாதது நேர் எதிரிலிருந்து வரும் வெளிச்சம். வாசல் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் திரையை நிறுத்தினால், அந்த வெளிச்சமும் வழக்கமான தொலைவிலிருந்து வீசும் புரொஜெக்டரின் ஒளியும் ஏறத்தாழ ஒரே திசையில் வருவதால், திரையால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. சாமி மேடைக்கும் இது பொருந்தும்: மேடை திரைக்குப் பக்கவாட்டில் இருக்குமாறு திரையின் இடத்தை மாற்றினால், விளக்கை அணைக்க வேண்டிய தேவையே எழாது. பக்கவாட்டு வெளிச்சத்தை முதல் வகைத் திரை ஓரளவு தடுக்கும். யு.எஸ்.டி. திரையின் கிடைமட்ட வரிகளோ பெரும்பாலும் மேலிருந்து வருவதைத்தான் தடுக்கும்.

சந்தையில் ‘ஆன்டி லைட்’ என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல வெறும் சாம்பல் நிறத் துணிகளே. சாம்பல் துணி அறை வெளிச்சத்தைக் குறைக்கும் அதே அளவுக்குப் படத்தின் ஒளியையும் குறைக்கும். திரையில் விழும் சுற்றொளிக்கும் படத்துக்கும் உள்ள விகிதம் மாறாது. புரொஜெக்டரின் கறுப்பு வெளிறியிருந்தால் அதைச் சற்று அடக்கும், வெள்ளைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் படவொளியையும் மட்டுப்படுத்தும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வாங்குமுன் ஒரு துண்டு மாதிரி கேளுங்கள். கிடைத்ததும் இரவில் விளக்கை அணைத்து, அதை ஒரு வெள்ளைத் தாளின் பக்கத்தில் சுவரில் ஒட்டி, புரொஜெக்டரால் வெறும் வெள்ளை ஒளியைப் பாய்ச்சி, தாளைவிடத் துண்டு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று உட்காரும் இடத்திலிருந்து கவனியுங்கள். பிறகு புரொஜெக்டரை நிறுத்திவிட்டு, கைப்பேசி விளக்கை ஒருவர் மேலே உயர்த்திப் பிடித்துச் சரிவாக அடிக்க, அதே இடத்திலிருந்து மீண்டும் பாருங்கள். தாளோடு ஒப்பிடும்போது துண்டு முதல் முறையைவிட இரண்டாம் முறை நன்றாகக் கறுத்தால் அது உண்மையான ஏ.எல்.ஆர்.; இரண்டு முறையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது சாம்பல் துணி.

அடுத்து கெயின், அதாவது பார்ப்பவரை நோக்கித் திரை எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்பதைக் காட்டும் எண். 1.0 என்பது சாதாரண வெள்ளைத் திரையின் அளவு, ஏ.எல்.ஆர். திரைகளில் பல அதற்குக் கீழே இருக்கும். மின்கலத்தில் ஓடும் சிறிய புரொஜெக்டர் 500 லூமென் தந்து, 100 அங்குலத் திரையின் கெயின் 0.6 ஆக இருந்தால், கிடைப்பது சதுர மீட்டருக்கு 35 கேண்டெலாதான்; இருண்ட திரையரங்குக்குச் சொல்லப்படும் அளவே சுமார் 48. அப்படிப்பட்ட புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் 80 அங்குலத்துக்கு இறங்குவது நல்லது, ஏனெனில் அதே ஒளி சிறிய பரப்பில் விழுவதால் பிரகாசம் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலாகிறது. விளம்பரத்தில் வெறும் ‘லூமென்’ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதை விட்டுவிட்டு, தர அமைப்புகளின் முறைப்படி அளந்த ஏ.என்.எஸ்.ஐ. அல்லது ஐ.எஸ்.ஓ. லூமென் என்று குறித்திருப்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துச் செல்வதற்கென்று வருபவற்றில், பெட்டிக்குள்ளிருந்து மேலே இழுத்து நிறுத்தும் திரையையே நான் பரிந்துரைப்பேன். பின்னால் உள்ள கத்தரிக் கால்கள் துணியை விறைப்பாகப் பிடிக்கும், துணியும் சுருளாகவே இருக்கும். முக்காலித் திரை எடை குறைவு, ஆனால் கூரை மின்விசிறி சுழலும்போது அடிவிளிம்பு ஆடும். சட்டத்தில் பொத்தானால் மாட்டும் துணி நன்றாக விறைக்கும். ஆனால் மடித்து வைத்த உலோகப் பூச்சுத் துணியில் விழுந்த கோடு மறைவது அரிது, வானம் வரும் காட்சியில் அது குறுக்கே ஓடும். யு.எஸ்.டி. புரொஜெக்டருக்கு மடிக்கும் துணி அறவே ஆகாது: ஒளி மிகச் சரிவாக மேலேறுவதால், கண்ணுக்குத் தெரியாத சிறு அலைகூட படத்தின் நேர்க்கோட்டை வளைத்துவிடும்.

அமைக்கும்போது முதலில் திரையை நிறுத்தி, உட்கார்ந்து பார்க்கும் கண்ணின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; வழக்கமான வகைத் திரைக்கு, அதன் நடுவிலிருந்து கண் எவ்வளவு கீழே இருக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு மேலே புரொஜெக்டர் இருப்பது சிறப்பு. காப்பி மேசைமேல் வைத்தால் ஒளி மேல்நோக்கித் தெறித்து, ஆட்களின் தலைக்கு மேலே போய்விடும். பின்னால் உயரமான அலமாரி இருந்தால் அதில் வையுங்கள். மிகக் கிட்டத்தில் வைத்தால் திரையின் நடுவில் வெளிச்சத் திட்டு விழும் என்பதால், திரை அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தொலைவாவது விடுங்கள், 221 செ.மீ. அகலத்துக்கு அது சுமார் 3.3 மீட்டர். கூடம் அதற்கு இடம் தராவிட்டால் சிறிய திரையே சரியானது.

விளையாட்டுக்கு இந்த இடம் பார்ப்பது இன்னும் முக்கியம். திரை எந்தத் தாமதத்தையும் உண்டாக்குவதில்லை, ஆனால் கோணலாக வைத்த புரொஜெக்டரின் படத்தைக் கீஸ்டோன் என்னும் மின்னணுத் திருத்த வசதியால் நிமிர்த்தினால், பல கருவிகளில் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவதற்கும் இடையே தாமதம் கூடுகிறது, நுண்ணிய எழுத்தும் கலங்குகிறது. நொடிக்கு 60 படம் ஓடும்போது ஒரு படத்துக்குரிய நேரம் 16.7 மில்லிநொடி, இரண்டு மூன்று படம் பின்தங்கினாலே பந்தயக் காரின் வளைவு தவறும். எனவே நேராக வைத்து, கீஸ்டோனை நிறுத்தி, புரொஜெக்டரின் விளையாட்டு முறையை (கேம் மோடு) தேர்ந்தெடுங்கள். இருவர் விளையாடினால் இருக்கைகளை நடுப்பகுதிக்கு நெருக்கமாகப் போடுங்கள், ஏனென்றால் ஏ.எல்.ஆர். திரை ஓரத்திலிருந்து பார்ப்பவருக்கு மங்கலாகத் தெரியும். தீபாவளிக்கு உறவினர்கள் வந்து கூடம் நிறைய உட்கார்ந்து இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பதுதான் உங்கள் முதன்மைப் பயன்பாடு என்றால், பளபளப்பற்ற வெள்ளை (மேட்) திரையே போதும், அதுவே நல்லதும்கூட.

பரப்பைக் கையால் தொடாதீர்கள். தூசியை மென்மையான உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் இலேசாகத் தட்டி எடுங்கள், ஆல்கஹால் கலந்த துடைப்பான் பூச்சையே உரித்துவிடக்கூடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், வீட்டு முன்பக்கப் போர்ச்சில் வைத்துப் பார்த்த இரவில் உடனே சுருட்டாமல், வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே சிறிது நேரம் உலரவிடுங்கள்.

இணையத்தில் வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். முழு வெள்ளைப் படத்தைப் போட்டு, நடுவில் திட்டும் குறுக்கே கோடும் தெரிகின்றனவா என்று பாருங்கள். அடுத்து, காற்பந்துத் திடலில் கேமரா மெல்ல நகரும் காட்சியை ஓட்டி, புல்லின்மேல் மினுமினுப்பு நிலையாக நிற்கிறதா என்று கவனியுங்கள். நின்றால் பூச்சு கரடுமுரடானது, அந்தத் திரையைத் திருப்பி அனுப்பிவிடலாம்.