வீட்டுக் குழாய்க் கோளாறுகள்: பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் பெரும்பாலான தனி வீடுகளில் தண்ணீர் செல்லும் வழி ஒன்றுதான். ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ தரையடித் தொட்டியிலிருந்தோ மோட்டார் அதை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது; அங்கிருந்து அது தன் எடையாலேயே இறங்கிச் சமையலறைக்கும் குளியலறைக்கும் கழிப்பறைக்கும் பிரிந்து, பயன்பட்ட பின் சாக்கடை இணைப்பையோ செப்டிக் டேங்கையோ சென்றடைகிறது. கோளாறு எதுவாக இருந்தாலும் அது இந்த வழியில் ஏதோ ஓர் இடத்தில்தான் இருக்கும். ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் அந்த இடம் எது என்று கண்டறிவதே முதல் வேலை. பிளம்பரை அழைக்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். "தண்ணீர் ஒழுகுகிறது" என்று மட்டும் சொல்கிற வீட்டில்தான் தேவையில்லாமல் டைல்ஸ் உடைபடுகிறது.

இதற்கு முதலில் வால்வுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாடித் தொட்டியின் அடியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு குழாயும் எந்த அறைக்குப் போகிறது என்பதை, வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து, அழியாத மையால் அதன் அருகிலேயே எழுதி வைத்துவிடுங்கள். நீளக் கைப்பிடியுள்ள பால் (ball) வால்வில், கைப்பிடி குழாயின் நீளத்திற்கு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது. வட்டக் கைப்பிடியுள்ள பழைய கேட் வால்வில் அப்படிப் பார்த்துச் சொல்ல முடியாது. உப்புத் தண்ணீரில் ஆண்டுக்கணக்கில் திருப்பப்படாமல் கிடந்த கேட் வால்வைத் திடீரென வலுவாகத் திருப்பினால், உள்ளிருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்றுவிடும். கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் நிற்காது, அல்லது மூடிய தகடு மேலே வராமல் தண்ணீரே வராது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எல்லா வால்வுகளையும் மூடித் திறந்து வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

தண்ணீர் வரவில்லை, அல்லது நூலாக வருகிறது

ஒரே ஒரு குழாயில் மட்டும் குறைவா, ஓர் அறை முழுவதுமா, வீடு முழுவதுமா என்பதை முதலில் பாருங்கள். ஒரே குழாயில் மட்டும் குறைவென்றால் காரணம் பெரும்பாலும் அதன் வாயிலேயே இருக்கும். வாஷ்பேசின் குழாயின் நுனியில் திருகியிருக்கும் சிறிய வலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மணல் துகள்களும் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவும் கண்களை அடைத்திருப்பது தெரியும். அதை இரவு முழுவதும் வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும். ஷவர் தலைக்கும் இதே வைத்தியம்தான். கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். படிவோடு குரோமியப் பூச்சும் போய்விடும். நுனி சுத்தமாக இருந்தும் குறைவாகவே வந்தால், சுவரிலிருந்து வரும் சிறிய மூடு வால்வான ஆங்கிள் காக் முழுவதும் திறந்திருக்கிறதா என்றும், கனெக்‌ஷன் ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மேல் தளத்தில் ஷவர் எப்போதுமே மெதுவாக வருகிறது என்பது கோளாறே அல்ல. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும். தொட்டிக்கும் ஷவருக்கும் இடையே 2 மீட்டர்தான் உயரம் என்றால் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு. எவ்வளவு விலையுயர்ந்த ஷவரை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. தொட்டியை உயர்த்த வேண்டும், அல்லது பிரஷர் பம்ப் வைக்க வேண்டும்.

நேற்றுவரை நன்றாக வந்த தண்ணீர், தொட்டி காலியாகி மீண்டும் நிரப்பிய பின் ஓர் அறையில் மட்டும் வராமல் போனால், குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று பொருள். இறங்கு குழாயில் எங்காவது மேடுபள்ளம் இருந்தால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். தொட்டியின் குறைந்த அழுத்தத்தால் அதைத் தள்ள முடியாது. இதைத் தவிர்ப்பதற்காகவே தொட்டியின் வால்வை அடுத்து, தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக, நுனி கீழ்நோக்கி வளைந்த காற்றுக்குழாய் ஒன்றை வைப்பது வழக்கம். அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அதற்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். காற்றுக்குழாயே இல்லாத வீட்டில், தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பி, அந்தக் கிளையில் மிகத் தாழ்வாக இருக்கும் குழாயை மட்டும் முழுவதும் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். புஸ் புஸ்ஸென்று காற்றும் நீருமாகத் துப்பத் தொடங்கினால் அடைப்பு விலகுகிறது.

அப்படியும் வராவிட்டால், மோட்டாரிலிருந்து நேராக வரும் குழாய் போன்று அழுத்தம் மிகுந்த ஒன்றையும் அடைபட்ட குழாயையும் ஒரு ரப்பர் ஹோஸால் இறுக்கமாக இணைத்து, இரண்டையும் ஒரு நிமிடம் திறந்து வைத்தால், தண்ணீர் பின்பக்கமாக ஏறிக் காற்றைத் தொட்டிக்கே தள்ளிவிடும். குடிநீர்க் கிளைக்குள் போர் தண்ணீரை இப்படி ஏற்றக் கூடாது. உள்ளாட்சிக் குடிநீர் இணைப்போடும் இதைச் செய்யக் கூடாது. அந்தக் குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீர் ஊர்க் குழாய்க்குள் போய்விடும்.

வீடு முழுவதும் தண்ணீர் இல்லையென்றால் தொட்டியையும் மோட்டாரையும்தான் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் தரையடித் தொட்டியில் நீர் இருக்கிறதா, உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள புட் வால்வு நீரைப் பிடித்து வைக்கிறதா என்று பாருங்கள். அது கசிந்தால் குழாயில் நின்ற நீர் இறங்கிக் காற்று புகுந்துவிடும். மோட்டாரின் மேல் திருகைத் திறந்து நீர் ஊற்றி நிரப்பியும் மறுநாள் அதே கதை என்றால் புட் வால்வை மாற்றிவிடுவதே நல்லது. ஓடாமல் உறுமல் மட்டும் கேட்டால் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள். மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் போயிருக்கலாம், அல்லது உள்ளே சக்கரம் இறுகியிருக்கலாம். இரண்டு நிலையிலும் தொடர்ந்து மின்சாரம் பாய்ந்தால் சுருள் கருகும்.

சொட்டும் குழாய்

விநாடிக்கு ஒரு சொட்டு என்பது பார்வைக்கு அற்பமாகத் தெரியும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்று கொண்டாலும் ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் போகிறது. சொட்டும் குழாயை மேலும் மேலும் இறுக்கி மூடுவதுதான் எல்லோரும் செய்வது. அது உள்ளிருக்கும் ரப்பரை நசுக்கி, சொட்டை ஒழுக்காக மாற்றுமே தவிர நிறுத்தாது.

பல சுற்றுச் சுற்றி மூடும் பழைய குழாய் என்றால் உள்ளே இருப்பது சாதாரண வாஷர். அந்தக் கிளையின் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்ச நீரை வடித்துவிட்டு, கீழே உள்ள சாக்கடைத் துளையை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். கைதவறும் திருகு எப்போதும் அந்தத் துளையைத்தான் தேடிப் போகும். குழாயின் தலைப்பகுதியை ஸ்பானரால் இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றினால் தண்டின் அடியில் தேய்ந்த வாஷர் தெரியும். அரை அங்குலக் குழாய்க்கான வாஷர் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். புதியதைப் போடுவதற்கு முன், வாஷர் அமரும் பித்தளை விளிம்பை விரல் நுனியால் சுற்றித் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. பள்ளமோ பிசிறோ தட்டுப்பட்டால் புதிய வாஷரும் விரைவில் சொட்டத் தொடங்கும் என்பதால், குழாயையே மாற்றிவிடுவது சிக்கனம்.

கால் சுற்றில் திறந்து மூடும் குழாய்களில் வாஷருக்குப் பதில் இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். இடையில் ஒரு மணல் துகள் சிக்கிக் கீறினால் போதும், சொட்டத் தொடங்கும். இதில் அந்த வில்லைகள் அடங்கிய ஸ்பிண்டில் முழுவதையும்தான் மாற்ற வேண்டும். ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் ஸ்பிண்டில்கள் நீளத்திலும், கைப்பிடி பொருந்தும் பற்களின் எண்ணிக்கையிலும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுபடும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போகாதவர் இன்னொரு முறை போக வேண்டியிருக்கும்.

குழாய் சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால், கழற்றி டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். மரையின் நுனியை உங்களை நோக்கிப் பிடித்துக்கொண்டு கடிகார முள் சுற்றும் திசையில், இழுத்துப் பிடித்தபடி, பத்துச் சுற்று சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் குழாயைத் திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். சுவருக்குள் இருப்பது பிளாஸ்டிக் மரை என்றால் கையால் இறுக்கிய பின் சற்று மட்டும் கூடுதலாகத் திருப்புங்கள். அந்த மரை சுவருக்குள் உடைந்துவிட்டால், அங்கேயே நிறுத்திவிட்டுப் பிளம்பரை அழைப்பதுதான் நல்லது.

ஃபிளஷ் டேங்க்கில் கசிவு கண்ணுக்குத் தெரியாமலும் நடக்கும். தொட்டி நிரம்பியதும் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் சில துளிகளை அதில் விட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக் கோப்பையில் நீலம் இறங்கினால் அடியிலுள்ள ரப்பர் சீல் சரியாக அமரவில்லை. பல நேரங்களில் அதன் விளிம்பிலும் அது அமரும் இடத்திலும் படிந்த உப்பைத் துடைத்தாலே நின்றுவிடும். தொட்டியின் நடுவில் நிற்கும் வழிவு குழாயின் வாய் வரை நீர் ஏறி அதற்குள் வழிந்துகொண்டிருந்தால், குறை மிதவையில் இருக்கிறது. அதைச் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும்.

சுவருக்குள் ஒழுகினால்

ஈரம் எப்போது கூடுகிறது என்பதே இங்கு சாட்சி. மழையில் மட்டும் கூடினால் மொட்டை மாடியையோ வெளிச்சுவரையோ பாருங்கள். குளித்த பின் கூடிப் பிறகு காய்ந்தால், குளியலறைத் தரையோ கழிவுக்குழாய் இணைப்போ காரணம். எந்நேரமும் ஒரே மாதிரி இருந்தால், அழுத்தத்தில் இருக்கும் நல்ல தண்ணீர்க் குழாய்தான். மூன்றாவதை உறுதி செய்ய, இரவு எல்லோரும் படுத்த பின் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியின் நீர்மட்டத்தை ஒரு குச்சியால் அளந்து, காலையில் முதல் ஆள் எழுந்ததும் மீண்டும் அளக்க வேண்டும். உள்விட்டம் 1.1 மீட்டர் உள்ள வட்டத் தொட்டியில் மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் போனது ஏறத்தாழ ஒன்பதரை லிட்டர். மட்டம் இறங்கியிருந்தால், மறுநாள் இரவு ஒரு கிளையின் வால்வை மூடிவிட்டு அளங்கள். எந்தக் கிளையை மூடியபோது மட்டம் அசையவில்லையோ அதில்தான் ஒழுக்கு. டைல்ஸை உடைக்கும் பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

உடைத்துச் சரிசெய்யும்போது வெந்நீர்க் கிளையில் சாதாரண வெள்ளை பி.வி.சி. குழாயை ஒட்டுப் போட அனுமதிக்காதீர்கள். கீசர் தண்ணீருக்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாயும் அதற்கே உரிய பசையும் வேண்டும்.

அடைப்பும் நாற்றமும்

சமையலறைத் தொட்டி அடைத்தால், அடியில் குடுவை போலத் தொங்கும் பாட்டில் டிராப்பின் கீழ் வாளியை வைத்து, அதைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய சோற்றுப் பருக்கைகளும் காபித் தூளும் அங்கேதான் சேர்ந்திருக்கும். குளியலறையில் தரைச்சல்லடைக்குக் கீழுள்ள நஹானி டிராப்பின் உட்கிண்ணத்தை எடுத்து முடிக்கற்றையை அகற்றினால் பெரும்பாலும் சரியாகும். நீர் வேகமாக வடிகிறதே என்று அந்தக் கிண்ணத்தைத் திரும்ப வைக்காமல் விடுகிற வீடுகள் நிறைய உண்டு. பிறகு கரப்பான் பூச்சியும் நாற்றமும் எங்கிருந்து வருகின்றன என்று தேடுவார்கள். டிராப்பில் நிற்கும் சில அங்குல நீர்தான் சாக்கடைக் காற்றை மறிக்கிறது. பூட்டிக் கிடக்கும் குளியலறையில் அது வற்றிவிடும் என்பதால், அவ்வப்போது ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாலே நாற்றம் நின்றுவிடும்.

அடைப்பு நீக்கும் ரசாயனத் தூளை ஊற்றிய துளையில் ஆசிட்டையோ, ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரையோ சேர்க்கவே கூடாது. முதலாவது கொதித்துத் தெறிக்கும். இரண்டாவது குளோரின் வாயுவை வெளிவிடும், காற்றோட்டமில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் நீர் மெதுவாக வடிந்தால், வெளியே கழிவுக்குழாய்கள் வந்து சேரும் சேம்பர் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் இடையில். நிரம்பி நின்றால் அதற்கு அப்பால். அப்பால் இருப்பது செப்டிக் டேங்க் என்றால் எவரையும் அதற்குள் இறங்கச் சொல்லாதீர்கள். உள்ளிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஓரிரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. உறிஞ்சும் லாரியை அழைப்பதே வழி. மீத்தேன் தீப்பற்றும் என்பதால் மூடிக்கருகே பீடியோ தீக்குச்சியோ வேண்டாம்.

டேங்க் நிரம்பி நிற்கிறது என்பதே ஒரு குறையல்ல. வெளியேறு குழாயின் மட்டம் வரை அது எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். நீர் அந்தக் குழாயையும் மூழ்கடித்து நின்றால்தான் கோளாறு. லாரி வந்து காலி செய்த சில வாரங்களுக்குள் மீண்டும் அப்படி நின்றால், டேங்கிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியின் சுற்றுமண் சேறடைத்து நீரை வாங்க மறுக்கிறது என்று கொள்ளலாம். மறுபடியும் லாரிக்குப் பணம் கொடுப்பதைவிட, உறிஞ்சுகுழியைத் தூர்வாருவதோ, வேறு இடத்தில் புதிதாக ஒன்று எடுப்பதோதான் செய்ய வேண்டியது.