மாஸ்டர்ஸுக்கு ஃபாஃப்ஸா: அப்பாவின் வருமானத்தைக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்

ஃபாஃப்ஸா என்பது அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஆன்லைன் விண்ணப்பம். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் சேர்ந்தபோது அதில் ஒரே ஒரு தப்பான கிளிக்கால் எனக்கு இரண்டு வாரம் வீணானது. உங்களுக்கு அது நேர வேண்டாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்த உதவி கிடையாது. நீங்கள் நேராக 5-க்குப் போய்விடுங்கள்.

1. ஸ்டூடன்ட்எய்ட் டாட் கவ் தளத்தில் கணக்குத் தொடங்குங்கள். இனிஷியல், அப்பா பெயர் எல்லாம் நம்மவர்களுக்கு ஆவணத்துக்கு ஆவணம் மாறும். அமெரிக்க அரசு எண்ணோடு தரும் சோஷியல் செக்யூரிட்டி கார்டில் இருப்பதை எழுத்து பிசகாமல் போடுங்கள். மின்னஞ்சல் சொந்தமாக இருக்கட்டும். கல்லூரி முகவரி படிப்போடு போய்விடும், கடன் போகாது.

2. விண்ணப்பத்தில், வரி விவரத்தை அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடமிருந்து எடுக்கச் சம்மதம் கேட்பார்கள். வரியே கட்டாதவரும் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் உதவி கிடையாது. 2026-27 கல்வியாண்டுக்கு 2024ஆம் ஆண்டு வரிக்கணக்கைப் பார்ப்பார்கள்.

3. இதுதான் நான் விழுந்த குழி. எந்த ஆண்டு படிக்கப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும். மாஸ்டர்ஸில் முதல் ஆண்டுதானே என்று "முதல் ஆண்டு" என்பதை அழுத்தினேன். அது இளநிலை முதல் ஆண்டாம்! அப்போது எனக்கு 22 வயது. பெற்றோரைச் சார்ந்தவன் என்று முடிவுகட்டி, அப்பாவுக்கு அழைப்பு அனுப்பச் சொன்னது. அனுப்பினேன். அவர் கணக்குத் தொடங்கி, பாஸ்வேர்டை மறந்து, "உன் படிப்புக்கு என் சம்பளம் எதுக்குடா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. பட்டியலின் கடைசியில் மாஸ்டர்ஸ், முனைவர் படிப்புக்கென்று தனித் தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள். இளநிலைப் பட்டம் முடித்திருப்பீர்களா என்பதற்கு "ஆம்" சொல்லுங்கள். பெற்றோர் பகுதியே காணாமல் போய்விடும். 24 வயது தாண்டியவர்களிடம் எப்படியும் பெற்றோர் விவரம் கேட்காது. அதனால் தப்பு கண்ணில் படாமலே போகலாம், கவனம்.

4. கல்லூரிகளைச் சேர்த்து, கையெழுத்திட்டு அனுப்புங்கள். கட்டணம் கிடையாது, பணம் கேட்டால் அது வேறு தளம். போனில் வேண்டாம், லேப்டாப்பில் செய்யுங்கள். பிறகு கல்லூரி காட்டுவது பெரும்பாலும் கடன்தான்: மாஸ்டர்ஸுக்கு ஆண்டுக்கு 20,500 டாலர் வரை. பணம் வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். முழுத் தொகையையும் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை, குறைத்துக் கேட்கலாம். பழைய பதிவுகளில் பார்க்கும் கிராட் பிளஸ் என்ற இன்னொரு மத்திய அரசுக் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு இல்லை.

5. அசிஸ்டென்ட்ஷிப் (கல்லூரியில் வேலை பார்த்துப் பெறும் உதவி), ஃபெலோஷிப் (உதவித்தொகை) இரண்டும் பெரும்பாலும் நீங்கள் படிக்கும் துறையின் கையில். ஃபாஃப்ஸாவுக்கு அது தெரியாது. துறை ஒருங்கிணைப்பாளருக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள். எனக்குக் கட்டணம் குறைந்தது இதனால்தான்.

பின்சேர்க்கை: கணவரும் கணக்குத் தொடங்க வேண்டுமா என்று திருமணமான தோழி ஒருத்தி கேட்டாள். இருவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் துணைவர் தனியாகக் கணக்குத் தொடங்க வேண்டாம். தனித்தனியாகச் செய்திருந்தால் அவரும் கணக்குத் தொடங்கிச் சம்மதம் தர வேண்டும்.