கோடையில் கிடை மாட்டை ஊர் மாற்றுவது எப்படி

நெல் அறுப்பு முடிந்து வயல் காலியானதும் எங்கள் புலிக்குளம் மாடுகள் சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஊர் ஊராகக் கிளம்பிவிடும். ராத்திரி மாட்டை வயலிலேயே கூட்டமாகப் படுக்க வைப்போம், அதுதான் கிடை. சாணமும் கோமியமும் வயல்காரருக்கு உரம், எங்களுக்குக் கூலி. சுற்று வட்டாரத்தில் மேய்ச்சல் தீர்ந்தால் அடுத்த ஊர்.

முதலில் ஒருத்தர் போய் வழி பார்த்துவிட்டு வர வேண்டும். எங்கள் வீட்டில் அது அண்ணன் வேலை. கூலி பேசுவதைவிடக் கண்மாயைப் பார்ப்பது முக்கியம். தண்ணீர் கிடந்தால் மட்டும் போதாது, மாடு சேற்றில் புதையாமல் இறங்க இடம் இருக்கிறதா என்று மிதித்தே பார்த்துவிடுங்கள். வழியில் சோளம் அறுத்த காடு இருந்தால் தூர் துளிர்த்திருக்கிறதா என்று கவனியுங்கள். வெயிலில் வாடின இளஞ்சோளத்தில் சயனைடு விஷம் இருக்கும், மேய்ந்த மாடு அங்கேயே சாய்ந்துவிடும். எவ்வளவு சுற்று என்றாலும் வேறு பாதையில் போங்கள். கோமாரி என்கிற கால், வாய்ப் புண் நோய்க்கான தடுப்பூசியைக் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே போட்டுவிட வேண்டும், போட்ட மறுநாளே அது வேலை செய்ய ஆரம்பிக்காது.

விடியும் முன்பே நடையைத் தொடங்குங்கள். இந்த மாடுகளுக்கு மூக்கணாங்கயிறு கிடையாது, பழகின குரலுக்குத்தான் கட்டுப்படும். அதனால் முன்னால் அப்பாதான். மணி கட்டின வயசான பசு அவர் பின்னாலேயே வரும், மற்றவை அதைப் பார்த்து வரும். கடைசியில் அம்மாவும் சித்தியும், நடக்கிற கன்றுகளோடு. அந்தக் கன்றுகளின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம்.

பிறந்து ஓரிரு நாளான கன்றை வைக்கோல் பரப்பி டாடா ஏஸில் ஏற்றுங்கள். ஏற்றும்போது தாய்ப்பசு முகர்ந்து பார்க்கட்டும். வண்டி மந்தைக்கு முன்னால் மெதுவாகப் போக வேண்டும். பின்னால் வந்தால் தாய் திரும்பித் திரும்பி ஓடும், வரிசையே கலைந்துவிடும்.

எனக்கு எப்போதும் பயம் தார் ரோடுதான். ரோட்டோரத்தில் எல்லா மாட்டையும் ஒன்றாகச் சேர்த்த பிறகே முதல் மாட்டை இறக்குங்கள். இரண்டு பக்கமும் தூரத்திலேயே ஆள் நின்று, இருட்டாக இருந்தால் டார்ச், வெளிச்சம் வந்துவிட்டால் சிவப்புத் துண்டு காட்டி வண்டிகளை நிறுத்த வேண்டும். ஹாரன் அடிக்காதீர்கள் என்று கையெடுத்துக் கேளுங்கள், சத்தத்தில் மிரண்டால் மாடு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. இந்த வேலைக்குப் பிள்ளைகளை நிறுத்தவே கூடாது. அவர்கள் சட்டி பானையோடு பஸ்ஸில் வரட்டும்.

போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் காட்டி, தலை எண்ணுங்கள். அப்புறம் வயலில் யூரியா சாக்கு ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள், நக்கினால் ஆபத்து. முதல் ராத்திரி மாடு பழைய கிடைக்கே போகப் பார்க்கும். வந்த பாதையை மறித்துக் கட்டிலைப் போட்டு, ஆள் மாற்றி ஆள் விழித்திருங்கள்.