ஊருக்குக் கொண்டுபோக 4711-ஆ, ஷலிமாரா?

ஆடி, ஆவணியில் யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் 4711 என்ற ஓடிக்கொலோன் ஒன்றோடு சமாளிக்கலாம். தையில் கலியாணத்துக்குப் போகிறவர்கள் ஷலிமார் என்ற சென்றையும் பெட்டியில் வைக்கலாம்.

1925இல் கெர்லேன் என்ற பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்ட ஷலிமாரின் அடியில் இருப்பவை வனிலா, டொங்கா விதை, பிசின்கள். குளிரில் தோலோடு ஒட்டிக்கிடந்து மெல்ல எழுகிற வாசம், யாழ்ப்பாணப் புழுக்கத்தில் ஒரேயடியாகக் கிளம்பிப் பக்கத்தில் நிற்பவருக்குத் தலையிடியைக் கொடுக்கும். லண்டனில் நாலுதரம் அடிக்கிறவர்கள் இங்கே ஒருதரத்தோடு நிறுத்த வேண்டும். கொழும்பிலிருந்து ஊருக்கு வான் வண்டியில் ஏறுகிற நாளில் அதுவும் வேண்டாம். கண்ணாடி பூட்டி ஏசி போட்டு ஏழெட்டு மணி நேரம் ஓடினால், பின்சீற்றில் இருக்கிற பிள்ளை சத்தி எடுக்கும்.

ஜேர்மனியின் கொலோன் நகரத்து 4711 நேர்மாறு. எலுமிச்சை, தோடை, பெர்கமொட் (எலுமிச்சை இனத்துப் பழம்), நெரோலி (தோடம்பூ எண்ணெய்), லவெண்டர், றோஸ்மேரி: பெரும்பாலும் கெதியாகப் பறக்கிற சரக்கு. ஒன்றிரண்டு மணி நேரத்தில் மணம் போய்விடும். கூடப் பூசினாலும் நிற்காது. திரும்பப் பூசத்தான் வேண்டும். குளித்துத் துடைத்ததும் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் கழுத்திலும் கையிலும் தடவுங்கள். வெளியே போகும்போது கைலேஞ்சியை நனைத்துக் கொண்டுபோனால் போதும். பெர்கமொட் எண்ணெயிலுள்ள சில கூறுகள் வெயில் பட்டால் தோலைக் கறுக்கவைக்கும். இப்போதைய தயாரிப்புகளில் அவற்றைக் கட்டுப்படுத்தியிருந்தாலும், வெயிலில் நிற்கப்போகிறவருக்கு லேஞ்சிதான் நல்லது. நுளம்பு கடித்துச் சொறிந்த இடத்தில் பட்டால் எரியும். பழைய ஆட்களுக்கு ஓடிக்கொலோன் என்றால் காய்ச்சல்காரரின் நெற்றியில் போடுகிற ஈரத்துணி, “என்ன, சுகமில்லையோ?” என்று கேட்டால் கோபிக்க வேண்டாம்.

நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். சட்டையில் அடித்த சென்ற் அங்கே வீண்.

தாலிகட்டு நேரத்தில் ஓமப்புகையும் மல்லிகையும் மண்டபத்தை நிறைத்திருக்கும். அதற்குள் வனிலா எடுபடாது. ஷலிமாருக்கு ஏற்றது ஏசி மண்டபத்தில் இரவு வரவேற்பு. புறப்பட அரை மணிக்கு முன் முழங்கை மடிப்பில் ஒருதரம் அடித்து, காய்ந்தபிறகு சேலையை உடுங்கள். அந்தத் திரவம் மஞ்சள் கலந்த பழுப்பு. வெளிர்ப் பட்டிலும் வேட்டியிலும் கறை விழும். செத்த வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம்.

கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலை விடாத விமானநிலையங்களே அதிகம். பெட்டியில் போடுவதற்கும் எல்லை உண்டு: போத்தல் ஒன்று 500 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது, ஆளுக்கு மொத்தம் 2 லீற்றர். ஆகவே 4711-இன் 800 மில்லிலீற்றர் போத்தல் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். திருகுமூடி கசியும். மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, பொலித்தீன் பையில் கட்டி, உடுப்புகளின் நடுவில் நிமிர்த்தி வையுங்கள்.

ஊரில் போத்தலை அலுமாரியின் அடித்தட்டில் வையுங்கள். வெயிலில் நிற்கிற வான் வண்டியில் கிடந்தால் முதலில் கெடுவது எலுமிச்சை வாசம்தான். திறந்ததும் பெயின்ற் கரைக்கிற தர்ப்பந்தைலம் போல் மணத்தால் உடம்பில் பூசாதீர்கள்.